எஸ்.பி.ஏ. என்றால் செய்வித்து விற்றல்

ஜப்பானிய உடை நிறுவனமான யுனிக்லோவின் வணிக உத்தியைப் பற்றி ஜப்பானில் யார் எழுதினாலும் ‘எஸ்.பி.ஏ.’ என்ற மூன்றெழுத்து சீக்கிரமே வந்துவிடும். ‘ஸ்பா’ என்று சேர்த்துப் படித்துவிடாதீர்கள், எண்ணெய்த் தேய்ப்பும் வெந்நீர்த் தொட்டியும் நினைவுக்கு வரும். இது துணி வியாபாரச் சொல்.

விரித்தால், ஸ்பெஷாலிட்டி ஸ்டோர் ரீட்டெய்லர் ஆஃப் பிரைவேட் லேபிள் அப்பாரல், அதாவது தன் சொந்த முத்திரை உடைகளை விற்கும் தனிக்கடை. அமெரிக்காவின் கேப் உடை நிறுவனத்தைத் தொடங்கிய டொனால்ட் ஃபிஷர், 1980களின் பிற்பகுதியில் தங்கள் கடை எந்த வகை என்று சொல்லக் கையாண்ட தொடர் இது. அங்கே அது பெரிதாகப் பரவவில்லை. ஜப்பானியர்கள்தான் அதைச் சுருக்கி அன்றாடச் சொல்லாக்கினார்கள். தங்கள் மொழியில் ‘செய்சோ கோஉரி’ என்றும் சொல்கிறார்கள். செய்சோ என்பது உற்பத்தி. கோஉரி என்பது சிறுவிற்பனை, அதாவது நம் சில்லறை வியாபாரம்.

அப்படியானால் தமிழில் ‘உற்பத்திச் சில்லறை வணிகம்’ என்று வைத்துவிடலாமா? வைக்கலாம், ஆனால் படிப்பவர் யுனிக்லோவுக்குச் சொந்தமாக வரிசையாக ஆலைகள் இருப்பதாக எண்ணிக்கொள்வார். உண்மையில் தைப்பதெல்லாம் சீனா, வியட்நாம், வங்கதேசம் போன்ற நாடுகளில் உள்ள பிறருடைய ஆலைகள்தான். ‘பிரைவேட் லேபிள்’ என்பதைத் ‘தனியார்’ என்று பெயர்ப்பது இன்னும் மோசம். அரசு, தனியார் என்ற பேச்சே இங்கில்லை. அது சொந்த முத்திரை.

சொல் எதைக் குறிக்கிறது என்பதை யுனிக்லோ வந்த வழியில் பார்க்கலாம். யமகுச்சி மாவட்டத்து உபே நகரில் அப்பா நடத்திய ஆண்கள் துணிக்கடையிலிருந்து வந்தவர் ததாஷி யனாய். 1984இல் ஹிரோஷிமாவில் முதல் யுனிக்லோவைத் திறந்தபோது, பிறர் தயாரித்த துணியை மலிவாக வாங்கி விற்றார், அவ்வளவுதான். பிறகு ஹாங்காங்கில் ஜியோர்டானோ கடையின் விலை குறைந்த, தரமான போலோ சட்டைகளைப் பார்த்தார். தயாரிப்பையும் தன் கைக்குள் கொண்டுவந்தால்தான் இந்த விலையில் இந்தத் தரம் கிடைக்கும் என்பது அவருக்குப் பிடிபட்டது. (யுனிக்லோ என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இருந்த ‘சி’ எழுத்து ‘க்யூ’ ஆனதும் ஹாங்காங்கில்தான்; 1988இல் பதிவின்போது நேர்ந்த எழுத்துப்பிழை பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.)

ஜப்பானின் பழைய துணி வியாபாரத்தில், விற்காத சரக்கைக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் சரக்கின் நட்டத்தையும் மொத்த வியாபாரி முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவார். எஸ்.பி.ஏ. இதை அறுக்கிறது. எந்த நூல், எந்தச் சாயம், எத்தனை லட்சம் உருப்படி என்று கடையே முடிவுசெய்து ஆலைக்குச் சொல்கிறது. தைத்ததை முழுவதும் வாங்கிக்கொள்கிறது. விற்காவிட்டால் தன் தலையில்தான் விழும். அதனால்தான் யுனிக்லோ ஆண்டு மாறினாலும் பழையதாகாத சாதாரண உடைகளைக் குறைந்த வகையில், பெரிய எண்ணிக்கையில் செய்விக்கிறது. அந்த எளிமையை வெறும் ஜப்பானிய அழகுணர்ச்சி என்று புகழ்வோர் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

1998 நவம்பரில் டோக்கியோவின் ஹராஜுகு கடை திறந்தபோது முன்னே நிறுத்தியது ஃப்ளீஸ் எனப்படும், கம்பளிபோல் மென்மையான செயற்கை இழை மேலாடை. விலை 1,900 யென். ஜப்பானிய இழை நிறுவனமான தோரேயின் மூலப்பொருள், இந்தோனேசியாவில் நூலாகி, சீனாவில் துணியாகிச் சாயமேறித் தையலுக்குப் போகும். வழியெங்கும் பொறுப்பு யுனிக்லோவுடையது. 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் சுமார் 50 நிறங்களில் 2 கோடியே 60 லட்சம் விற்றது. ‘தகுமி’ எனப்படும் கைதேர்ந்த ஜப்பானிய நெசவு, சாயத் தொழிலாளர்களை அந்த ஆலைகளுக்கு அனுப்பிப் பக்குவம் சொல்லித்தரவும் செய்கிறார்கள்.

தானே செய்யவில்லை, பிறரைக் கொண்டு செய்விக்கிறது. இதற்கென்றே தமிழில் பிறவினை இருக்கிறதே! செய்தல் தன்வினை, செய்வித்தல் பிறவினை. ஜப்பானியச் சொல்லில் வெளிப்படாத அந்த நுட்பம் நமக்கு ஒரு ‘வி’யில் கிடைத்துவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘செய்வித்து விற்றல்’. கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘செய்விப்பு வணிகம்’. ‘நேரடி விற்பனை’ என்று எழுதுவது பொருந்தாது, அது வீடு வீடாகப் போய் விற்பதற்கு வழங்கும் சொல்.

ஸ்பெயினின் உடை நிறுவனமான ஸாராவுக்கும் இச்சொல் ஓரளவு பொருந்தும். ஆனால் அதற்கு அங்கே சொந்த ஆலைகளும் உண்டு, எனவே செய்தும் செய்வித்தும் விற்கிறது என்று சொல்வதே சரி. வேகமும் வேறு: அது சில வாரங்களில் புது வடிவத்தைக் கடைக்குக் கொண்டுவரும், யுனிக்லோ பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடும்.

இப்போது யனாய், ‘செய்சோ கோஉரி’க்கு முன்னால் இன்னொரு சொல்லையும் சேர்த்து ‘ஜோஹோ செய்சோ கோஉரி’ என்கிறார். ஜோஹோ என்றால் தகவல். எந்த உடை எங்கே எவ்வளவு போகிறது என்று பார்த்து அதற்கேற்பத் தயாரிக்கச் சொல்வது. உடையின் விலைச்சீட்டிலேயே சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறது. கல்லாவில் துணிகளைத் தொட்டிக்குள் போட்டதும் மொத்தத் தொகை திரையில் வருவது அதனால்தான். இதைத் தமிழில் ‘தகவலறிந்து செய்வித்து விற்றல்’ எனலாம், கொஞ்சம் நீளம்தான்.