ராத்திரி மூணு மணிக்கு ஹீட்டர் ஏன் குளிர்காத்து ஊதுது? டிரெய்லர் பேட்டரிக்குள்ள நடக்குற ஆசிட் கதை

அரிசோனாவுல இருக்குற ஒரு வாசகர் அனுப்புன கேள்வி இது. கார் பின்னாடி இழுத்துட்டுப் போற சக்கர வீடு, அதாவது பழைய டிராவல் டிரெய்லர் ஒண்ணு, சின்ன சைஸ்ல வாங்கியிருக்கார். டிசம்பர் லீவுல குடும்பத்தோட குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்துல, கரண்ட் கனெக்‌ஷனோ தண்ணி பைப்போ எதுவும் இல்லாத அரசாங்க நிலத்துல கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. “அண்ணா, கேஸ் சிலிண்டர் ஃபுல்லா இருந்துச்சு, சாயங்காலம் போய் சேர்ந்தப்ப பேட்டரி 12.6 வோல்ட் காட்டுச்சு, ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஹீட்டர்ல வெறும் குளிர்காத்துதான் வருது, பிள்ளைங்க நடுங்கிப் போச்சுங்க. ஹீட்டரை அணைச்சுட்டு எல்லா போர்வையையும் போத்திட்டு படுத்தோம். காலையில பாத்தா பேட்டரி 12.1 காட்டுது. பேட்டரியில சார்ஜ் இருக்குல்ல, அப்புறம் ஏன் ஓடல?”

ரொம்ப நல்ல கேள்விங்க, ஏன்னா இதுக்கு பதில் சொல்லப் போனா லெட் ஆசிட் பேட்டரியோட மொத்த குணமும் அதுல வந்துரும்.

முதல்ல ஹீட்டர். அதுல எரியுறது புரொப்பேன் கேஸ், ஆனா சூட்டை ரூமுக்குள்ள தள்ளுற ஃபேன் ஓடுறது பேட்டரியில. அந்த ஃபேன் காத்து போற வழியில லேசான தகட்டுல ஒரு சின்ன இறக்கை வச்சிருப்பாங்க, சுவிட்சோட சேர்ந்த இறக்கை. காத்து போதுமான வேகத்துல வந்து தள்ளினாத்தான் அது சாயும், சாஞ்சாத்தான் சுவிட்ச் சேரும், சேர்ந்தாத்தான் கன்ட்ரோல் போர்டு கேஸ் வால்வைத் திறக்கும். காத்து இல்லாம நெருப்பு மட்டும் எரிஞ்சா ஆபத்துங்கிறதால இந்த ஏற்பாடு. வோல்டேஜ் குறைஞ்சா ஃபேன் மெதுவா சுத்தும், இறக்கை சாயாது, கேஸ் திறக்காது. ஃபேன் மட்டும் சுத்திட்டு இருக்கும், குளிர்காத்து வரும், மிச்சம் இருக்குற கரண்டையும் அது குடிச்சிட்டு இருக்கும். அதனால வாசகரோட ஹீட்டர்ல கோளாறு எதுவும் இல்ல, அது செய்ய வேண்டியதைத்தான் செஞ்சிருக்கு.

சரி, வோல்டேஜ் ஏன் குறைஞ்சது, காலையில எப்படி தானா ஏறுச்சு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது.

பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கும்: ஒரு பக்கம் ஈயம், இன்னொரு பக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவுல கந்தக அமிலம், கரண்ட் எடுத்தா ரெண்டு தகடும் ஈய சல்ஃபேட்டா மாறும், அமிலம் தண்ணியாகும், சார்ஜ் பண்ணா எல்லாம் திரும்பும். 1859ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டே பண்ணது, இன்னிக்கும் அதேதான். ஆனா பாடத்துல பெருசா சொல்லாத ஒண்ணு இருக்கு. தகடுங்கிறது வழவழன்னு இருக்குற உலோகப் பட்டை இல்ல, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்குல இருக்குற பொருள். வேலை நடக்குறது அந்தத் துளைகளுக்குள்ள. ஃபேன் ஓட ஆரம்பிச்சதும் துளைக்குள்ள இருக்குற ஆசிட் முதல்ல தீரும். தகடுகளுக்கு நடுவுல ஆசிட் தாராளமா இருக்கும், ஆனா அது உள்ள வரணுமே, தள்ளிவிட பம்ப்பா இருக்கு, தானா மெதுவா பரவித்தான் வரணும். அதுலயும் பாருங்க, புதுசா உருவாகுற ஈய சல்ஃபேட் ஈயத்தைவிட ரெண்டரை மடங்குக்கும் மேல இடம் அடைக்கும், அதனால கரண்ட் எடுக்க எடுக்க துளையோட வாயே சுருங்கிட்டு வருது. போற வழி சின்னதாகுது, தேவை மட்டும் அப்படியே இருக்கு.

மீட்டர் காட்டுற வோல்டேஜ் எதைப் பொறுத்தது தெரியுமா, அந்தத் துளைக்குள்ள இருக்குற ஆசிட்டோட அடர்த்தியை. வெளியில எவ்வளவு நிக்குதுங்கிறது அந்த நிமிஷத்துல அதுக்குத் தெரியாது. ஃபேன் ஓடுறப்ப உள்ள நீர்த்துப் போயிருக்கும், வோல்டேஜ் கீழ போகும். அணைச்சுட்டு சில மணி நேரம் விட்டா வெளிய இருந்த ஆசிட் மெதுவா உள்ள பரவி எல்லா இடமும் சமமாகும், வோல்டேஜ் தானா ஏறும். காலையில தெரிஞ்ச 12.1 அதுதான். சாயங்காலம் தெரிஞ்ச 12.6 இதுக்கு நேர் எதிர். வழி முழுக்க காரோட ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணிட்டே வந்திருக்கும், சார்ஜ் ஏறுறப்ப துளைக்குள்ள புது ஆசிட் உருவாகி அங்க மட்டும் அடர்த்தியா நிக்கும், மீட்டர் அதைப் பாத்துட்டு ஃபுல்லுன்னு சொல்லும். ராத்திரி பூரா பேட்டரி இறங்குனது அந்தப் பொய்யான உயரத்துல இருந்து.

அதனால மீட்டரை நம்பணும்னா லோடும் சார்ஜரும் எதுவும் இல்லாம குறைஞ்சது சில மணி நேரம் சும்மா விட்டுட்டு பாக்கணும். அப்படிப் பாத்தா ஒரு அழகான கணக்கு இருக்கு. மூடி திறக்குற பேட்டரின்னா ஹைட்ரோமீட்டர்ல, அதாவது ஆசிட் தண்ணியைவிட எத்தனை மடங்கு அடர்த்தின்னு காட்டுற கருவியில, கொஞ்சம் ஆசிட்டை உறிஞ்சுங்க (கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்), உள்ள மிதக்குற மிதவை எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாருங்க. ஃபுல் சார்ஜ்ல சுமார் 1.265 இருக்கும். அதோட 0.84 கூட்டுங்க, 2.105. அதுதான் ஒரு செல்லோட வோல்டேஜ், ஆறு செல்லுக்கு 12.63. பாதி சார்ஜ்ல மிதவை 1.19 கிட்ட நிக்கும், கணக்கு போட்டா 12.18 வரும். ஒரு மிதவையும் ஒரு வோல்ட்மீட்டரும் ஒரே விஷயத்தை ரெண்டு பாஷையில சொல்லுதுங்க, எனக்கு இது எத்தனை தடவ பாத்தாலும் சலிக்கிறதில்ல.

ஆக 12.1ங்கிறது பாதிக்கும் கொஞ்சம் கீழ. சின்ன டிரெய்லர்ல பொதுவா வர்ற பேட்டரி 75ல இருந்து 85 ஆம்ப் அவர் (ஒரு ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தா அது ஒரு ஆம்ப் அவர்), அதுல நிம்மதியா எடுக்கக்கூடியது பாதி, சுமார் 40. ஹீட்டர் ஃபேன் மாடலைப் பொறுத்து 3ல இருந்து 8 ஆம்ப் இழுக்கும். 7 ஆம்ப்னு வச்சுக்குவோம், குளிர் ராத்திரி 12 மணி நேரத்துல பாதி நேரம் ஓடுனாலே 42 ஆம்ப் அவர் போயிரும். ஃபிரிட்ஜ் போர்டு, கேஸ் லீக் டிடெக்டர், ரேடியோ இதெல்லாம் நீங்க தொடாமலே இழுக்குறது தனி.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். நல்ல பேட்டரி பாதிக்கு வந்தாலும் 7 ஆம்ப்புக்கு இறக்கை சாயாம போற அளவுக்கு வோல்டேஜ் இறங்காது. பழைய டிரெய்லரோட வந்த பழைய பேட்டரி, குளிர் வேற, அதான் பிரச்சனை. குளிர்ல ஆசிட் பரவுறது இன்னும் மெதுவாகும். பழசான தகட்டுல பாதி துளை செத்துக் கிடக்கும், மிச்சம் இருக்குற துளைங்க மேல மொத்த பாரமும் விழும். 7 ஆம்ப் அதுக்கு 20 ஆம்ப் மாதிரி.

வேகமா எடுக்க எடுக்க மொத்தமா கிடைக்கிறது குறையும்ங்கிறதை ஜெர்மனியில வில்ஹெல்ம் பாய்கெர்ட் 1897லயே அளந்து சூத்திரமா எழுதிட்டார். 80 ஆம்ப் அவர்னு பேட்டரியில போட்டிருக்கிறது வழக்கமா 4 ஆம்ப் வீதம் 20 மணி நேரம் எடுத்தா கிடைக்கிறது. அதே பேட்டரியில இன்வெர்ட்டர் போட்டு 40 ஆம்ப் இழுத்தீங்கன்னா ரெண்டு மணி நேரம் வராது, ஒண்ணேகால் மணி நேரத்துல படுத்துரும். மிச்சம் எங்கயும் போகல, உள்ள வர நேரம் கிடைக்கல, அவ்வளவுதான். காபி மெஷின் ஒண்ணு 80 ஆம்ப்புக்கு மேல கேக்கும், அதனால காபிக்கு கேஸ் அடுப்பைப் பத்த வைங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அனுபவப்பட்ட கேம்பர்கள் கோல்ஃப் கார்ட்ல போடுற 6 வோல்ட் பேட்டரி ரெண்டை ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ல சேர்த்து 12 வோல்ட்டா கோக்குறதும் இதனாலதான், தடியான தகடு, 200 ஆம்ப் அவருக்கு மேல வரும், ஒவ்வொரு தகட்டுக்கும் விழுற பாரம் குறையும்.

இப்ப சார்ஜ் பண்றதுக்கு வருவோம், பலபேர் காசை வீணாக்குறது இங்கதான். சாயங்காலம் ஜெனரேட்டரை ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு ஃபுல் ஆயிருச்சுன்னு படுக்கப் போயிடுறாங்க. ஈய சல்ஃபேட் ஆசிட்ல ரொம்ப ரொம்பக் கொஞ்சமாத்தான் கரையும், கரைஞ்சாத்தான் திரும்ப ஈயமா மாற முடியும். முதல் 80 சதவீதம் வேகமா ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் சார்ஜர் 14.4 வோல்ட்ல பிடிச்சுட்டு நாலஞ்சு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். பழைய டிரெய்லருக்குள்ளயே வர்ற சார்ஜர், கன்வெர்ட்டர்னு சொல்வாங்க, 13.6 வோல்ட்தான் தரும், அதுல இன்னும் இழுக்கும். அதனால காலையில பேட்டரி காலியா பசியோட இருக்குறப்ப ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டுங்க, அப்ப அது வாங்குற கரண்ட் ஜாஸ்தி, பெட்ரோல் வீணாகாது. கடைசி 20 சதவீதத்தை சோலாருக்கு விட்டுடுங்க, சத்தமில்லாம சாயங்காலம் வரைக்கும் ஊட்டிட்டே இருக்கும். 100 வாட் பேனல் ஒண்ணு அரிசோனா கோடையில நாளுக்கு 25, 30 ஆம்ப் அவர் தரும், டிசம்பர்ல தட்டையா கூரையில கிடந்தா அதுல பாதி, வெயில் பக்கம் சாச்சு வச்சா கொஞ்சம் தேறும்.

கடைசி 20 சதவீதத்தை தினமும் விட்டுட்டா என்ன? பொடிச் சர்க்கரை உடனே கரையும், அதையே பாகாக்கி நாள்கணக்கா விட்டு கல்கண்டா வளர விட்டீங்கன்னா கரைய எவ்வளவு நேரம் ஆகுது, அதேதான். புதுசா உருவான சல்ஃபேட் பொடிப் பொடியா இருக்கும். அப்படியே விட்டா சின்ன படிகம் கரைஞ்சு பெரிய படிகத்து மேல போய் ஒட்டும், பெருசு இன்னும் பெருசாகும், ஒரு கட்டத்துல எந்த சார்ஜராலயும் கரைக்க முடியாது. அந்தத் துளை செத்துச்சு. பழைய டிரெய்லர் வாங்குறவங்க பேட்டரிக்கு தனியா பட்ஜெட் போடணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

அங்க கேம்பர்கள்கிட்ட ஒரு நம்பிக்கை இருக்கு, பேட்டரியை சிமெண்ட் தரையில வச்சா தரை சார்ஜை உறிஞ்சிரும்னு. மரப்பெட்டியிலயும் ரப்பர் பெட்டியிலயும் பேட்டரி வந்த காலத்துல ஈரமும் ஆசிட்டும் கசிஞ்சு அது உண்மையா இருந்திருக்கலாம். இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு தரையும் ஒண்ணுதான் பலகையும் ஒண்ணுதான். கீழ பலகை வச்சுட்டு சார்ஜ் பண்ணாம ஆறு மாசம் விட்டா கல்கண்டு வளரத்தான் செய்யும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறிடலாமான்னும் வாசகர் கேட்டிருந்தார். காசு இருந்தா மாறுங்க, யோசிக்கவே வேணாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்ல 100 ஆம்ப் அவர்னா கிட்டத்தட்ட 100ஐயும் எடுக்கலாம், சார்ஜ் கடைசி வரைக்கும் வேகமா ஏறும், பாதியில நிறுத்தினா கெட்டுப்போகாது. இதுக்குப் பின்னாடி நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார்: ஆறுமுகம் மந்திரம். ஐஐடி மெட்ராஸ்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு, லித்தியம் பேட்டரி விஞ்ஞானி ஜான் குடினஃப் கூட வேலை செய்யப் போனவர். ஆக்சைடுக்குப் பதிலா சல்ஃபேட் மாதிரி தொகுதியை வச்சா இரும்புலயே நல்ல வோல்டேஜ் கிடைக்கும்னு 1980கள்ல ரெண்டு பேரும் காட்டினாங்க, அந்த வழியில போய்த்தான் 1997ல குடினஃப் குழுவுல லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்துச்சு. 2019ல குடினஃப்புக்கு நோபல் கிடைச்சப்ப அவர் சார்பா உரை நிகழ்த்துனதே மந்திரம்தான். அந்த 80கள்ல இரும்பு சல்ஃபேட்டை வச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டு நிதியை நிறுத்தியிருந்தா இன்னிக்கு இது எதுவும் இல்ல. உடனே பலன் காட்டுன்னு கேக்குற நிதிக் கமிட்டிங்க மேல எனக்கு இருக்குற கோவம் இதுதான்.

மாறினா ரெண்டு விஷயம் மாத்திக்கணும். லித்தியம் ஏறக்குறைய காலியாகுற வரைக்கும் 13 வோல்ட் சொச்சத்துலயே நிக்கும், அதனால வோல்ட்மீட்டர் உதவாது, போற வர்ற ஆம்ப்பை எண்ணுற ஷண்ட் மீட்டர் ஒண்ணு போடணும். ரெண்டாவது, 0 டிகிரிக்கு கீழ அதை சார்ஜ் பண்ணக் கூடாது, லித்தியம் நெகட்டிவ் பக்கத்துல இருக்குற கிராஃபைட்டுக்குள்ள நுழைய முடியாம மேலயே உலோகமாப் படிஞ்சுரும், அந்தச் சேதம் திரும்பாது. நல்ல பேட்டரின்னா உள்ள இருக்குற சர்க்யூட்டே சார்ஜைத் தடுத்துரும், வாங்குறப்ப அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க, முடிஞ்சா பேட்டரியை வெளிய டிரெய்லர் மூக்குல வைக்காம சீட்டுக்கு அடியில வைங்க. லெட் ஆசிட்தான் வச்சிருக்கப் போறீங்கன்னா அதுலயும் குளிருக்கு ஒரு கணக்கு உண்டு: ஃபுல் சார்ஜ்ல இருக்குற ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலயும் உறையாது, காலியான பேட்டரியில இருக்குறது கிட்டத்தட்ட தண்ணி, மைனஸ் 10 கிட்டயே உறைஞ்சு பெட்டியைப் பிளந்துரும். ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி மலைமேல டிரெய்லரை நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா முழுசா சார்ஜ் ஏத்திட்டு நெகட்டிவ் வயரைக் கழட்டிட்டு வாங்க.