கடல்நீரை வடித்துத் தின்னும் சிப்பி

குளச்சல், முட்டம் பக்கத்துப் பாறைகளில் மூழ்கிப் பெயர்த்தெடுக்கும் பழுப்புச் சிப்பியைக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே அம்ட்லோட்டி, பாலிட்டோ பாறைகளில் அப்பிக் கிடப்பதும் அதே சிப்பிதான். பேச்சுக்காக ‘அதே’ என்று சொல்லவில்லை. குமரிக் கடல் சிப்பிக்கு 1976இல் ‘பெர்னா இண்டிகா’ என்று தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வு மரபணு உள்ளிட்ட சான்றுகளைப் பார்த்துவிட்டு, அது ஆப்பிரிக்கக் கரையின் ‘பெர்னா பெர்னா’வேதான் என்றது. ஓமான் பக்கத்திலிருந்து நூறு வருடங்களுக்கு முன்பே தென்னிந்தியா போய்ச் சேர்ந்திருக்கிறதாம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து எங்கள் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கியது. சிப்பியின் பயணம் எதிர்த்திசையில்!

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் கடல் நன்றாக உள்வாங்கும். அப்போதுதான் சிப்பிப் படுகை வெளியே தெரியும். புரட்டாசி விரதம் முடிந்த பிறகு அப்படி ஒரு வற்று வந்தால் பாறை மேல் தமிழ்க் குரல் கேட்கும். ஆயாக்கள் பேசும் தமிழ்தான், பேரப்பிள்ளைகள் பதில் சொல்வது ஆங்கிலத்தில். பொழுதுபோக்காக எடுப்பவர்களும் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு.

கையால் பிடித்து இழுத்தால் சிப்பி வராது. ஆய்ஸ்டர் எனப்படும் பாறைச் சிப்பி தன் ஓடு முழுவதையுமே பாறையில் பதித்துக்கொள்கிறது. இதுவோ நார் விட்டுக் கட்டிக்கொள்கிறது. ஓட்டுக்குள்ளிருந்து சதையாலான ஒரு பாதம் நீண்டு வந்து பாறையைத் தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் நுனியை அழுத்தி நடுவில் மட்டும் லேசாகத் தூக்கும். அந்தக் குழிக்குள் புரதத் திரவங்கள் பாய்கின்றன. பாதத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் பள்ளமும் நிரம்பி, எல்லாம் சில நிமிடங்களில் இறுகிவிடும். பாதத்தை விலக்கினால் ஒரு முனை பாறையிலும் மறுமுனை உடம்பிலுமாக ஒரு நார் தயார். சிலந்தி நூற்பது போலப் பிழிந்து இழுப்பதில்லை, அச்சில் வார்ப்பதுதான் இங்கே நடக்கிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல நார்கள்.

ஈரமான கல்லில் பசை ஒட்டாது என்பது நாம் அறிந்ததே. கல்லின் மேல் ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் பசையைத் தொடவிடாது. சிப்பியின் புரதங்களில் ‘டோபா’ என்ற, சற்றே மாற்றப்பட்ட அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. அது அந்த நீரை விலக்கிவிட்டுக் கல்லின் கனிமத்தையே நேராகப் பற்றிக்கொள்கிறது. சிப்பியின் பசையில் டோபா இருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வெய்ட், மார்வின் டான்சர் என்ற ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அறுவை சிகிச்சையில் ஈரமான திசுவை ஒட்டுவதற்கான பசை ஆராய்ச்சிகள் பலவும் அங்கிருந்து கிளைத்தவை. நாரின் மேலுறையில் இதே டோபா கடல்நீரிலுள்ள இரும்போடு பிணைகிறது. அதனால்தான் நார் கடினமாகவும் இருக்கிறது, அலை இழுக்கும்போது அறுந்துபோகாமல் நீளவும் செய்கிறது.

இந்த நாரின் பலத்தால் இங்கே ஓர் எல்லைத் தகராறும் நடக்கிறது. 1970களின் இறுதியில் மத்தியதரைக் கடல் சிப்பி தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. மேற்குக் கரையின் சல்தான்யா விரிகுடாவில் கயிறுகளில் தொங்கவிட்டு வளர்க்கிறார்களே, அதுதான். நாட்டின் தென்கரையில் இரண்டும் ஒரே பாறையில் வாழ்கின்றன. மேல்வரிசை வந்தேறிக்கு, அலை அதிகம் மோதும் கீழ்வரிசை பழுப்புச் சிப்பிக்கு. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் இழுத்து அளந்து பார்த்ததில் பழுப்புச் சிப்பியின் பிடிதான் வலுவானது. ஆனால் வெயிலில் அதற்குச் சாமர்த்தியம் போதாது. நீர் வற்றியதும் வந்தேறி வாயை இறுக மூடிக்கொள்ளும். நம்மது காற்றுக்காக அடிக்கடி வாயைத் திறந்து ஈரத்தை இழந்துவிடும்.

திறப்பதற்குச் சிப்பி எந்த முயற்சியும் செய்வதில்லை. மூடுவதற்குத்தான் வேலை. இரண்டு ஓடுகளையும் இணைக்கும் கீலில் நெகிழ்வான ஒரு பட்டை இருக்கிறது. அது எப்போதும் ஓட்டை விரித்துவிடவே பார்க்கும். எதிர்த்துப் பிடித்து மூடுவது உள்ளிருக்கும் தசை. இந்தத் தசை ஒருமுறை சுருங்கிப் பூட்டிக்கொண்டால் அப்புறம் ஆற்றல் அதிகம் செலவழிக்காமலே மணிக்கணக்கில் பிடித்திருக்கும். சமையலறைச் சோதனைக்கும் இதுதான் அடிப்படை. வாய் திறந்து கிடக்கும் சிப்பியைத் தட்டினால் உயிருள்ளது மெல்ல மூடும். மூடாதது செத்தது, எறிந்துவிடுங்கள். கொதியில் தசையின் புரதம் கெட்டுப் பிடி தளர்ந்ததும் பட்டை ஜெயித்து ஓடு திறக்கிறது. வெந்தும் திறக்காததெல்லாம் கெட்டது என்பார்கள். அப்படி ஒன்றும் கட்டாயமில்லை, சிலவற்றில் தசை ஓட்டோடு ஒட்டியே வெந்துவிடும்.

இனி அது சாப்பிடும் விதம். உண்பவர் கவலைப்பட வேண்டியது இங்கேதான். செவுள்கள் மேல் வரிசை வரிசையாக நுண்மயிர்கள் ஓயாமல் அடித்து நீரை உள்ளிழுக்கின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரை வடிக்கும். மிதக்கும் நுண்பாசிகள் செவுளின் வழவழப்பில் சிக்கி வாய்ப்பக்கம் போகின்றன. அங்கே மடல்கள் சலித்து, வேண்டாத மண்ணைக் கட்டியாக்கி வெளியே தள்ளிவிடும். மண்ணைத் தள்ளத் தெரிந்த பிராணிக்கு நச்சைத் தள்ளத் தெரியாது. சாக்கடையில் வந்த கிருமியும் கன உலோகமும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் சேதமாகி, சில டர்பன் கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் அங்கே சிப்பி எடுத்துத் தின்பது அந்தக் கழிவைச் சுண்டக் காய்ச்சிக் குடிப்பதற்குச் சமம்.

கிருமிக்காவது நெருப்பு உண்டு. ஆனால் ஓடு திறந்துவிட்டது என்பதற்காக உடனே இறக்காதீர்கள். வாந்தி பேதியைத் தரும் நோரோ வைரஸும் மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் அந்தச் சூட்டில் பிழைத்துக்கொள்ளும். சதையின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸில் ஒன்றரை நிமிடமாவது இருக்க வேண்டும். புளி ஊற்றிக் கொதிக்கவிடும் எங்கள் டர்பன் குழம்பில் அது தானாகவே நடந்துவிடும். வெண்ணெயில் ஒரு நொடி புரட்டி எடுக்கும் உணவக முறைதான் ஆபத்து.

செந்நீர்ப் பெருக்கு வேறு கதை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் குறிப்பிட்ட நுண்பாசிகள் பெருகினால் கடலே செம்பழுப்பாகும். சிலவற்றில் சாக்ஸிடாக்ஸின் என்ற நச்சு இருக்கும். நரம்பு சேதி கடத்த உதவும் சோடிய வாயில்களை அது அடைத்துவிடும். உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி, மோசமானால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்த நச்சு அழியாது, மாற்று மருந்தும் கிடையாது, மருத்துவமனையில் செயற்கை மூச்சு கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். நீர் தெளிந்த பிறகும் பல நாட்கள், சில சமயம் வாரங்கள், சிப்பியின் உடம்பில் நச்சு தங்கும். கண்ணுக்குச் சிவப்பு தெரியவில்லை என்பது தைரியத்துக்குப் போதாது.

சுத்தம் செய்யும்போது நாரை முன்கூட்டியே பிய்க்காதீர்கள். அதன் வேர் உள்ளே தசையோடு சேர்ந்தது, பிய்த்தால் சிப்பி காயப்பட்டுச் சீக்கிரம் செத்துவிடும். சட்டி அடுப்பில் ஏறும் நேரத்தில் பிய்த்தால் போதும். உள்ளே சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் பெண், வெளிர் பால் நிறமென்றால் ஆண். பெண்தான் ருசி என்று எங்கள் பெரியம்மா சத்தியம் பண்ணுவார். மசாலா ஏறிய பிறகு எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை.