சூடான காற்றுப் பெட்டியை அளக்காமல் நம்பாதீர்கள்

கோடையில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். மழையோ மூடுபனியோ இல்லாத தெளிவான நாளிலும் லேசர் வழித் தகவல் தொடர்பை அலைக்கழிப்பது அந்த நெளிவுதான். வெப்பநிலை 1 டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே மாறுகிறது. ஆனாலும் பல அளவுள்ள காற்றுச் சுழல்களைக் கடந்து 1 கிலோமீட்டர் செல்லும் கற்றை ஏற்பியில் ஆடி அலையவும் மின்னி மங்கவும் அது போதும்.

இதை ஆய்வகத்தில் உருவாக்க, 1 மீட்டர் நீளப் பெட்டியில் ஒருபுறம் ஹீட்டரும் மறுபுறம் மின்விசிறியும் வைத்து நடுவே கற்றையைச் செலுத்துகிறோம். கேமராவில் ஒளிப்புள்ளி துள்ளியதும், கொந்தளிப்பு (காற்றின் இந்த ஒழுங்கற்ற சுழற்சி) தயார் என்று தரவு சேகரிக்கத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். காலை அளவும் மாலை அளவும் ஒத்துவராமல் மூன்று வாரங்கள் தவித்த பிறகு ஒருநாள் ஹீட்டரை அணைத்து, பெட்டி முழுவதும் ஆறும்வரை காத்திருந்து பார்த்தேன். அப்போதும் புள்ளி ஆடியது. அறையின் ஏசி காற்று நேராக மேசைமீது வீசிக்கொண்டிருந்தது. அன்று முதல், ஹீட்டர் இயங்காத நிலையில் பத்து நிமிடப் பதிவு எடுக்காமல் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

அடுத்து, பெட்டிக்குள் இருப்பது உண்மையிலேயே வளிமண்டலத்தை ஒத்த கொந்தளிப்பா என்று சோதிக்க வேண்டும். ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகோரோவ் 1941இல் கொந்தளிக்கும் காற்றின் வேகத்திற்குச் சொன்ன விதியை, அதே நாட்டு அறிவியலாளர் ஒபுகோவ் 1949இல் வெப்பநிலைக்கு விரித்தார். அதன்படி, இரண்டு மெல்லிய தெர்மோகப்பிள்களுக்கு (வெப்பநிலை உணரும் கம்பிகளுக்கு) இடையிலான வெப்பநிலை வேறுபாட்டின் சராசரி வர்க்கம், இடைவெளியின் மூன்றில் இரண்டு அடுக்காக வளர வேண்டும். அப்படி வளரவில்லையென்றால், ஹீட்டரிலிருந்து எழும் வெறும் வெப்ப ஓட்டத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

இதிலும் தேறிய பெட்டியால்கூட 1 கிலோமீட்டர் வழியை முழுமையாகப் பிரதிபலிக்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அலைமுகச் சிதைவின் (ஒளி அலையின் வடிவம் குலைவதன்) வலிமை, கொந்தளிப்பு எவ்வளவு வலிமையானது என்பதைக் காட்டும் கொந்தளிப்பு மாறிலியையும் தொலைவையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது. எனவே 1 மீட்டரில் மாறிலியை 1000 மடங்கு கூட்டினால் அது பொருந்திவிடும். மினுமினுப்போ (ஒளியின் செறிவு கூடிக் குறைவதோ), வலிமை குறைந்த கொந்தளிப்பில், தொலைவின் 11/6 அடுக்காக உயர்வது. அதைப் பொருத்த மாறிலி ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு கூட வேண்டும். ஆகவே சிதைவை மட்டும் பொருத்திய பெட்டியில் மினுமினுப்பு, உண்மையானதில் 300இல் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும். அங்கே எண்ணிய பிட் பிழைகளை (தவறாக வந்துசேர்ந்த 0, 1களை) வெளி இணைப்புக்கும் அப்படியே பொருத்திச் சொல்வது தவறு. கண்ணாடிகளால் வழியை மடித்து நீட்டலாம். ஆனால் கற்றை அதே காற்றையே மீண்டும் கடக்கிறது என்பதால், அது உண்மையான நீண்ட வழிக்கு ஈடாகாது. ஆகவே கேமராவில் அளந்த ஆட்டத்தையும், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடையோடு காட்டிய மினுமினுப்பையும் ஒன்றாகக் கலக்காமல், இப்போது அட்டவணையில் தனித்தனி நெடுவரிசைகளில் குறித்துவைக்கிறோம்.