களைக்கொல்லி எதிர்ப்புத்திறன்: சொல்லும் பொருளும்

மழையை மட்டுமே நம்பிக் கோதுமையும் பார்லியும் விளைவிக்கும் மானாவாரி நிலங்களில், பல ஆண்டுகளாக நன்றாக வேலை செய்துவந்த களைக்கொல்லி ஒரு பருவத்தில் புல்லைக் கொல்லாமல் விட்டுவிட்டால், 'புல் மருந்துக்குப் பழகிவிட்டது' என்று சொல்வது வழக்கம். கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும் இந்த வாக்கியம், நடந்ததைத் தவறாகவே விளக்குகிறது. எந்தச் செடியும் தன் வாழ்நாளில் களைக்கொல்லிக்குப் பழகுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஹெர்பிசைடு ரெசிஸ்டன்ஸ்' எனப்படும் இந்நிகழ்வுக்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்ற கேள்விக்கு, இந்தப் 'பழகுதல்' எண்ணத்தை விலக்கிவிட்டுத்தான் விடை காண முடியும்.

முதலில் 'களை'. இது 'களைதல்' என்னும் வினையோடு ஒன்றிய பெயர். நீக்கப்பட வேண்டியது எதுவோ அது களை. இதற்கும் அடியில் 'கள்' என்ற பழைய வினை இருக்கிறது. பிடுங்கி நீக்குதல் என்பது அதன் பொருள். 'கட்டல்' அதன் தொழிற்பெயர். திருக்குறளில் 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்று வரும் இடத்தில் 'கட்டது' என்பது களைந்ததைக் குறிக்கிறது. 'கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு' என்னும் அடியிலும் அப்படியே. இன்று திருவிழா 'களைகட்டுகிறது' என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் பொருளில் தொடர்பில்லை. ஆகவே களை என்பது ஒரு செடியினத்தின் பெயரன்று. உழவர் ஒரு செடியைப் பற்றி எடுத்த முடிவின் பெயர். ஹெர்பிசைடு என்பதன் இலத்தீன் வேர்கள் 'பூண்டு', 'கொல்' என்ற பொருள்களை மட்டுமே தருகின்றன. நாம் அதைப் பூண்டுக்கொல்லி என்று பெயர்க்காமல் களைக்கொல்லி என்று ஆக்கிக்கொண்டது, சொல்லை நேராகப் பெயர்ப்பதைவிடச் சிறந்தது என்றே கருதுகிறேன். எதைக் கொல்ல வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்ற வேறுபாடு அந்தப் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்தது 'ரெசிஸ்டன்ஸ்'. எதிரே அசையாமல் நிற்றல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அது வந்தது. 'எதிர்ப்பு' என்ற நம் சொல்லும் முன்பக்கம், நேர்முகம் என்று பொருள்படும் 'எதிர்' என்பதிலிருந்து பிறந்தது என்பதால் இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன. சிக்கல் அதனோடு சேரும் இரண்டாம் சொல்லில் இருக்கிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்று எழுதியவுடன், மனித உடல் நோய்க்கிருமியைச் சந்தித்து, அதை நினைவில் வைத்து, அடுத்த முறை அதை வெல்லும் காட்சி நம் மனத்தில் எழுகிறது. களைச்செடியில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. தானிய வயல்களில் களையாக முளைக்கும் ரைகிராஸ் புல்லின், களைக்கொல்லியே படாத திரள்களில் (ஓரிடத்தில் சேர்ந்து வளரும் ஒரே இனச் செடிக்கூட்டங்களில்) நடந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஏ.எல்.எஸ். என்ற நொதியைத் தாக்கும் ஒரு களைக்கொல்லியைத் தெளித்தபோதும் சாகாத செடிகள் ஓர் இலட்சத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 12 வரை இருந்தன. மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றிடம் அந்தத் திறன் இருந்தது. தெளிப்பு செய்வதெல்லாம் மற்றவற்றைக் கொன்று, இவற்றின் விதைகளுக்கு நிலத்தில் இடம் காலியாக்கிக் கொடுப்பதுதான். ஆண்டுதோறும் அதே களைக்கொல்லியைத் தெளித்தால் சில தலைமுறைகளில் வயல் முழுவதும் இவற்றின் வழித்தோன்றல்களே நிற்கும். மாறுவது திரளே, தனிச்செடி மாறுவதில்லை.

இதனால் 'சக்தி', 'பழக்கம்' ஆகிய இரண்டையும் விட்டுவிட்டு 'எதிர்ப்புத்திறன்' என்று எழுதுவதே முறை. அமெரிக்கக் களை அறிவியல் சங்கம் 1998-இல் வகுத்த வரையறையின் சாரமும் இதற்கு இசைவானது: அச்செடியினத்தின் இயல்பான வகையைக் கொல்லும் அளவுக்குக் களைக்கொல்லி பட்ட பின்பும் ஒரு செடி உயிர்பிழைத்து விதை வைக்க உதவும் மரபுவழித் திறனே எதிர்ப்புத்திறன். இதில் 'மரபுவழி' என்ற சொல்லை விட்டுவிட்டால் வரையறையே சரிந்துவிடும். வறட்சியில் வாடிய புல்லின் இலை களைக்கொல்லியைச் சரியாக உள்வாங்காது. புழுதி படிந்த இலையில் விழும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மண்துகளோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். இரண்டிலும் புல் பிழைக்கிறது. ஆனால் இவை எதிர்ப்புத்திறன் அல்ல, தெளிப்பின் தோல்வி. மானாவாரி நிலத்தில் இவ்விரண்டும் அடிக்கடி நேர்வதால், பெயரை மாற்றிச் சூட்டுவதும் அங்கேதான் மிகுதி.

வயலில் நின்று பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தெளிப்பான் விட்டுவிட்ட இடத்தில் பிழைத்த புல் நேர்கோட்டுப் பட்டையாக நிற்கும். அப்பட்டைக்குள் எல்லாச் செடிகளும், எல்லா இனங்களும் பசுமையாக இருக்கும். எதிர்ப்புத்திறன் உள்ள இடத்திலோ பழுத்துக் கருகிய ஒரு தூரை ஒட்டியே, அதே இனத்தின், அதே பருவத்தின் இன்னொரு தூர் ஒரு கீறலும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும். சுற்றியுள்ள பிற களைகள் எல்லாம் மடிந்திருக்கும். தொடக்கத்தில் இது ஒரு சிறு திட்டாகத்தான் இருக்கும். அறுவடை இயந்திரம் அத்திட்டின் வழியே சென்றால், அது போகும் திசையிலேயே விதை இழுபட்டு, அடுத்த ஆண்டு திட்டு நீண்டு தெரியும். உறுதிப்படுத்த வேண்டுமானால் அந்தப் பிழைத்த செடிகளின் விதையைத் தட்டுகளில் முளைக்கவைத்து, அளந்த அளவில் தெளித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்புத்திறனோடு அடிக்கடி குழப்பப்படும் சொல் 'டாலரன்ஸ்'. இதன் இலத்தீன் மூலத்துக்குச் சுமத்தல், பொறுத்தல் என்று பொருள். 'தாங்குதிறன்' இதற்குத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 'சகிப்புத்தன்மை' என்றும் சிலர் எழுதுகின்றனர், ஆனால் அது மனிதப் பண்பின் மணத்தை விடுவதில்லை. மேலே சொன்ன வரையறையின்படி தாங்குதிறன் என்பது ஓர் இனம் முழுவதற்கும் முதலிலிருந்தே உள்ள இயல்பு. தெளிப்பால் வடிகட்டப்பட்டு வந்ததன்று. பேச்சிலேயே இந்த உணர்வு நமக்கு உண்டு: வறட்சியைத் 'தாங்கும்' இரகம் என்கிறோம், நோயை 'எதிர்க்கும்' இரகம் என்கிறோம்.

தானிய நிலங்களின் புல்வகைக் களைகளில்தான் இந்த இரு சொற்களும் மிக நெருக்கமாக உரசுகின்றன. கோதுமையும் ரைகிராஸும் காட்டு ஓட்ஸும் ஒரே புற்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றைக் கொன்று மற்றதை விடும் களைக்கொல்லியைக் காண்பது கடினம். டைகுளோஃபாப் போன்ற களைக்கொல்லிகள் கோதுமையைக் கொல்லாததற்குக் காரணம், கோதுமை தன் நொதிகளால் அந்நஞ்சைச் சிதைத்துவிடுவதே. சில ரைகிராஸ் திரள்களும் அதே வகை நொதிகளால் அதே நஞ்சைச் சிதைத்துப் பிழைக்கின்றன. வேதிவினை ஏறத்தாழ ஒன்றே. கோதுமையிடம் இருப்பதைத் தாங்குதிறன் என்கிறோம், ரைகிராஸிடம் இருப்பதை எதிர்ப்புத்திறன் என்கிறோம். இரண்டையும் பிரிப்பது அத்திறன் வந்த வரலாறு மட்டுமே. ஒரு சொல்லை மற்றதற்கு மாற்றி எழுதினால் அந்த வரலாறு அழிந்துபோகிறது என்பதே என் கவலை.

அந்த வரலாறு பழையதும் அன்று. தென் ஆஸ்திரேலியாவின் ரைகிராஸில் டைகுளோஃபாபுக்கு எதிர்ப்புத்திறன் 1982-இல் அறிவிக்கப்பட்டது. கிளைபோசேட்டை எதிர்க்கும் முதல் களையாக 1996-இல் அறிவிக்கப்பட்டதும் அந்நாட்டு ரைகிராஸே. ஈரத்தைக் காப்பதற்காக உழவைக் கைவிட்ட மானாவாரி நிலங்களில், ஏர் செய்த வேலையும் களைக்கொல்லியின் தலையில் விழுந்தது. போதாததற்கு, ரைகிராஸ் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காமல் பிற செடியின் மகரந்தத்தை ஏற்கும் புல். ஆகவே வெவ்வேறு செடிகளில் இருக்கும் திறன்கள் அடுத்த தலைமுறையில் ஒரே செடியில் வந்து கூடிவிடும்.

இதிலிருந்து இரு கூட்டுச்சொற்கள் தேவைப்படுகின்றன. ஒரே அமைவினால், அதாவது செடி பிழைக்க உதவும் ஒரே உள்வழிமுறையால், பல களைக்கொல்லிகளை எதிர்ப்பதைக் 'குறுக்கு எதிர்ப்புத்திறன்' என்றும், தனித்தனியான பல அமைவுகள் ஒரே செடியில் சேர்ந்திருப்பதைப் 'பன்மை எதிர்ப்புத்திறன்' என்றும் எழுதலாம். நஞ்சைச் சிதைக்கும் நொதியால் வருவது முதல்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த நொதி தான் இதுவரை பார்த்தேயிராத புதிய களைக்கொல்லியையும் சில வேளை சிதைத்துவிடுவதால், மருந்தை மாற்றித் தெளித்தும் புல் சாவதில்லை. 'பழகிவிட்டது' என்ற சொல் இங்கே முற்றிலும் கைவிட்டுவிடுகிறது, ஏனெனில் அந்த மருந்து அந்த வயலுக்குள் வந்ததே அன்றுதான்.