ஆயாவின் மறதியும் வீங்கிய காலும்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு 78 வயது. காசிமேட்டில் 30 வருஷம் கருவாடு விற்றவர். வாயாலேயே கணக்குப் போட்டு மீதிச் சில்லறை தருவார். அவருக்குப் பேத்தியின் பெயரே மறந்துபோனபோது, "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றார்கள். என் கண்ணில் பட்டது அவர் கால். கணுக்காலை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

இப்படிக் குழி விழும் வீக்கம் இதயச் செயலிழப்பின் அறிகுறியாக இருக்கலாம். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது. அதனால்தான் காலில் நீர் கோத்துக்கொள்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

சரி, இதற்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் நிமிஷத்துக்கு அனுப்பும் 5 லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 750 மில்லி அதற்கே போகிறது. குடத்தில் பிடித்து வைப்பதுபோல மூளையால் ரத்தத்தைச் சேமிக்க முடியாது. அந்தந்த நொடிக்கு வந்தாக வேண்டும். வரத்து குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுத்துச் சமாளிக்கும். பல வருஷம் பிபியும் சர்க்கரையும் இருந்தவர்களுக்கு அந்தக் குழாய்கள் தடித்து, விரியும் தன்மையை இழந்திருக்கும். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் ஆக்சிஜன் குறைவைக் கொஞ்சமும் தாங்காத பகுதி. இதயத்துடிப்பு தாறுமாறானால் இதயத்துக்குள்ளே ரத்தம் தேங்கி உறைந்து கட்டிகளாகி, மூளைக்குப் போய் அடைக்கவும் கூடும். வெளியே தெரியாத சின்னச் சின்னப் பக்கவாதங்கள் சேர்ந்தும் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும்.

இதய நோயாளிகள் எல்லோருக்கும் இது வருவதில்லை. இரண்டே நாளில் குழம்பிப் பேசினால் அது டிமென்ஷியாவாக இல்லாமலும் இருக்கலாம்: சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய முடியும், உடனே காட்ட வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது மாத்திரை அட்டை. "காலையிலேயே போட்டுட்டேனே" என்றார் ஆயா. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை அட்டையில் பத்தில் ஒன்பது பிரிக்காமல் இருந்தன. மறதியால் மாத்திரை விட்டுப்போகிறது, அதனால் இதயம் இன்னும் தளர்கிறது, மறதி இன்னும் கூடுகிறது. போதாததற்குத் தினமும் கருவாடு. அந்த உப்பு நீரை உடம்பிலேயே பிடித்துவைக்கும்.

இப்போது மாத்திரையைப் பேத்தி கையால் கொடுக்கிறாள். தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் ஆயாவை எடை பார்த்து நாட்காட்டியில் குறிக்கிறாள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் டாக்டரிடம் ஓட வேண்டும். கால் வீக்கம் வற்றிவிட்டது. பேத்தியின் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.