விண்சரக்குந்தா, இழுகலமா?

சரக்குந்து என்ற சொல்லை நான் லொறிக்கே ஒப்புக்கொண்டதில்லை. இப்போது அதை விண்வெளிக்கும் ஏற்றிவிட்டார்கள்.

போன கிழமை என் மருமகன் மடிக்கணினியில் 'ஏலியன்' பார்த்துக்கொண்டிருந்தான். 1979இல் வந்த படம். யாரோ ஆர்வத்தில் செய்த தமிழ் சப்டைட்டில் கீழே ஓடியது. தொடக்கத்தில் கப்பலின் விவரம் எழுத்தெழுத்தாக வரும்: பெயர் நொஸ்ட்ரோமோ, ஆட்கள் ஏழு பேர், சரக்கு 2 கோடி தொன் தாதுக்கல்லைச் சுத்திகரிக்கும் ஆலை, பூமிக்குத் திரும்பும் பயணம். அந்த இடத்தில் 'வணிக விண்சரக்குந்து' என்று போட்டிருந்தது. இதே சொல்லை முன்னர் ஒரு பாடசாலைச் சுவர்ப்பத்திரிகையில் கண்டேன், பேசாமல் வந்தேன். பிறகு ஓர் அறிவியல் கட்டுரையில் கண்டேன், அப்போதும் பொறுத்தேன். மூன்றாம் தடவை முடியவில்லை.

முதலில் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். கார்கோ ஸ்பானியச் சொல், சுமையேற்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் வண்டியைக் குறிக்கும் லத்தீன் 'கார்ருஸ்' இருக்கிறது. நாம் ஓட்டும் கார் அதன் இன்னொரு பேரப்பிள்ளை. தமிழில் சரக்கு. இங்கே திருகோணமலையில், வீட்டில் 'சரக்கு' என்றால் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துவைக்கும் மிளகு, மல்லி, மஞ்சள் நினைவுக்கு வரும். அக்கரைத் தமிழ்நாட்டில் என்ன நினைவுக்கு வரும் என்பதை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் சரக்குக் கப்பல் என்றால் இருகரையிலும் விளங்கும். அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு அந்த 'உந்து'வோடுதான். பேருந்து நிலைத்துவிட்டது, சரி. அதைப் பார்த்துச் சரக்குந்து, மகிழுந்து என்று வரிசையாக அடித்து விட்டார்கள். இவை தமிழ்நாட்டு அச்சு. திருகோணமலையில் லொறியை லொறி என்கிறோம், பத்திரிகை பாரவூர்தி என்கிறது. சரக்குந்து என்று சந்தையில் சொன்னால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அதுவும் சக்கரத்தில், தரையில் ஓடுகிற ஒன்றின் பெயர். கடலில் ஓடுவதை எவரும் உந்து என்றதில்லை. வானில் போவது கப்பலின் இனம் என்று உலகமே முடிவு செய்து, தமிழும் விண்கலம், விண்ணோடம் என்று அழகாக வைத்துக்கொண்ட பிறகு, அங்கே லொறியைக் கொண்டுபோய் நிறுத்துவது என்ன நியாயம்?

மருமகன் விடவில்லை. "ரொக்கெட் உந்துவிசையிலதானே மாமா போகுது? உந்து சரிதானே?" கெட்டிக்காரன். ஆனால் உந்துவிசையில் போவதெல்லாம் உந்து என்றால் கணவாயும் உந்துதான், நீரைப் பீச்சிக்கொண்டுதான் அதுவும் ஓடுகிறது.

இவர்கள் 'கலம்' என்ற சொல்லை ஏன் கைவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சோறு உண்ணுவது உண்கலம், நெல் அளப்பது கலம், கடலில் போவதும் கலம். கொள்வதும் செல்வதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. புறநானூற்று 343ஆம் பாட்டில் முசிறித் துறையைப் பற்றி 'கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியாற் கரைசேர்க்குந்து' என்று பரணர் பாடுகிறார். பெரிய கலம் வெளியே நிற்கிறது, அது கொண்டுவந்த பொன்னைச் சிறு தோணி கரைசேர்க்கிறது. பெரியதற்கு ஒரு பெயர், சிறியதற்கு ஒரு பெயர். (அந்தக் கடைசி 'உந்து'வைக் காட்டி என்னிடம் வாதாட வரவேண்டாம். அது 'சேர்க்கும்' என்பதன் பழைய உரு, வண்டி அல்ல.)

சரி, அப்படியானால் 'சரக்கு விண்கலம்' என்று போட்டால் முடிந்ததா? முடியாது. படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1978இல், சோவியத்துக்காரர் புரோகிரஸ் என்ற ஆளில்லாக் கலத்தை சல்யூட்-6 விண்வெளி நிலையத்துக்குச் சாமான் ஏற்றி அனுப்பினார்கள். அது வயிற்றில் சுமந்து போனது. அதுதான் சரக்கு விண்கலம். நொஸ்ட்ரோமோ சுமக்கவில்லை, இழுக்கிறது. மூலத்திலேயே வணிக இழுவை ஊர்தி என்றுதான் இருக்கிறது. ஆலையைக் கழற்றி விண்ணில் விட்டுவிட்டுத்தான் கோளில் இறங்குகிறார்கள், திரும்பி வந்து மறுபடி கொளுவுகிறார்கள். சரக்குக் கப்பல் சரக்கைக் கழற்றி விட்டுப் போய் வருமா? வடிவமைத்த ரொன் கொப் அழகுக்காக ஒன்றும் ஒட்டாத ஆள். எது எதற்கு என்று யோசித்தே வரைந்தவர். அதன் மாதிரியை முதலில் மஞ்சளில் பூசி, பிறகுதான் சாம்பல் நிறத்துக்கு மாற்றினார்கள். மஞ்சளாகவே விட்டிருந்தால் மொழிபெயர்த்தவருக்கும் துறைமுக நினைவு வந்திருக்குமோ என்னவோ.

எங்கள் ஊரில் இதை விளக்கப் படம் போடத் தேவையில்லை. உட்துறைமுக வீதியில் பின்னேரம் நின்றால் போதும். சீனக்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வரும். பக்கத்தில் பார்த்தால் தீப்பெட்டி மாதிரி ஒரு டக், பெரிய கப்பலை இழுத்துவரும் சிறு படகு, மூக்கைச் சுற்றிப் பழைய டயர்கள். வடம் விறைத்து, தண்ணீர் சொட்டி, அந்தப் பெரிய உடம்பு மெல்லத் திரும்பும். சில நேரம் டக் டயர் மூக்கால் முட்டித் தள்ளவும் செய்யும். அப்போதும் யாரும் அதை உந்து என்று கூப்பிடவில்லை.

பெயரிலேயே குறிப்பு இருக்கிறது, அதையும் கவனிக்கவில்லை. நொஸ்ட்ரோமோ என்பது ஜோசப் கொன்ராட் 1904இல் எழுதிய நாவலின் பெயர். கொன்ராட் கப்பலில் வேலை செய்தவர். அந்தக் கதைநாயகன் துறைமுகச் சுமையாட்களின் தலைவன். 'கார்கதோர்' என்பது அந்தச் சுமையாட்களின் பெயர், மேலே சொன்ன அதே கார்கோக் குடும்பம். இத்தாலியில் நொஸ்ட்ரோமோ என்றால் கப்பலில் ஆட்களை வேலை ஏவுகிறவன். நம் தோணிக்காரர் தண்டல், தண்டேல் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த ஆள். இதைத் தேட ஐந்து நிமிடம் போதும். மொழிபெயர்ப்பவர்கள் இப்போது படத்தையும் பார்ப்பதில்லை, துறைமுகத்தையும் பார்ப்பதில்லை, அகராதியில் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள். பார்த்துப் பழகிய சனம் எப்படிப் பெயர் வைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்துக் கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வரும்வரை நாங்கள் 'பாதை'யில் கடந்தோம். வாகனத்தையும் ஆளையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைக்குச் சனம் வைத்த பெயர் அது. ஒரு பண்டிதரும் கூட்டம் போட்டு வைக்கவில்லை.

என் சொல்லையும் நிறுத்துப் பார்க்கவேண்டும் அல்லவா? டக்குக்குப் பத்திரிகை எழுதுவது இழுவைப் படகு. ஆனால் வடக்கு கிழக்கில் அந்தப் பெயரைக் கேட்டால் மீனவருக்கு அடிவயிறு எரியும். இழுவைமடி போட்டு அடிக்கடலைச் சுரண்டும் ரோலர்தான் கண்ணுக்குள் வரும். அதனால் 'விண் இழுவைப் படகு' வேண்டாம். உண்கலம் மாதிரி வினைத்தொகையாக 'இழுகலம்' என்று வைக்கலாம். வானத்தில் என்றால் 'விண் இழுகலம்'. அதோடு வரும் சிறிய தப்பிக்கும் கலத்துக்கு விண்ணோடம் கைவசம் இருக்கிறது.

மருமகனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான்.

"இழுக்கிற கலமா, இழுபடுற கலமா மாமா?"

இழுபடுவது ஆலை, அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு, சப்டைட்டில் கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடத் தொடங்கினான்.