வரைகதை: சொல் விளக்கம்

காமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்குச் சிவகாசிதான் நினைவுக்கு வரும். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல் வந்தது. அந்தக் கதைகளில் சாகசமும் துப்பறிதலும்தான் அதிகம், சிரிப்பு குறைவு. ஆனால் காமிக்ஸ் என்ற சொல் பிறந்தது சிரிப்பிலிருந்து. கிரேக்கத்தில் கோமோஸ் என்றால் ஆட்டமும் பாட்டமுமாகப் போகும் கொண்டாட்டக் கூட்டம். அதன் வழியில் கோமிகோஸ், இலத்தீனில் கோமிகுஸ், அப்புறம் ஆங்கிலத்தில் காமிக். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தித்தாள்களில் வந்த படத்தொடர்கள் பெரும்பாலும் நகைச்சுவையாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சோகமும் போரும் வரலாறும் கட்டங்களுக்குள் வந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தமிழில் இதற்குப் படக்கதை, சித்திரக்கதை, வரைகதை என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. (கேலிச்சித்திரம், கருத்துப்படம் இரண்டும் வேறு. அவை பெரும்பாலும் ஒரே கட்டத்தில் முடியும் கார்ட்டூனுக்கு உரியவை.)

சித்திரக்கதை பத்திரிகைகள் வளர்த்த சொல். சித்திரம் வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது, அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. படக்கதை அதைவிட எளிது, சின்னப் பிள்ளைக்கும் உடனே புரியும். படம் என்ற சொல்லுக்குச் சீலை என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. அதன் உறவான படாம் என்ற சொல்லைப் பழனி மலைக்காரர்கள் மறக்கக் கூடாது. இந்த மலைப்பக்கத்தை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைப் பரணர் புறநானூற்றில் ‘படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ’ என்று பாடுகிறார். (படாம் போர்வை, மஞ்ஞை மயில், எங்கோ என்றால் எம் அரசன்.)

வரைகதை இவற்றில் புதியது. இலக்கணப்படி இது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று பள்ளியில் படித்தோமே, அதே போல வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை. மற்ற இரண்டு சொற்களும் கையில் இருக்கும் பொருளைச் சொல்கின்றன. இது வரையும் செயலையும் சேர்த்துச் சொல்கிறது. கடையில் வாங்கிப் படிப்பதோடு நிற்காமல், நோட்டில் கட்டம் போட்டுத் தாமே வரைந்து நண்பர்களுக்குக் கொடுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கதை சிரிக்க வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை.

கொடைக்கானலில் இந்தச் சொல்லைச் சொன்னால் சிலர் வரையாட்டை நினைக்கிறார்கள். நியாயம்தான். வரை என்றால் மலை, மலைச்சரிவு. பாறைச் சரிவில் வாழ்வதால் அது வரையாடு. அங்கே வரை பெயர்ச்சொல், வரைகதையில் வினை. சங்கப் பாட்டில் இன்னொரு பொருளும் உண்டு. குறிஞ்சிப் பாடல்களில் தலைவியை வரைந்துகொள் என்று தோழி சொன்னால், மணந்துகொள் என்று பொருள்.

சரி, காமிக் ஸ்ட்ரிப் என்பதில் வரும் ஸ்ட்ரிப்புக்கு என்ன சொல்வது? நீண்டு ஒடுங்கிய துண்டு என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள், கட்டங்கள் வரிசையாக ஒரே பட்டையில் வருவதால் அந்தப் பெயர். தினத்தந்தியின் கன்னித்தீவு அப்படிப்பட்டதுதான். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லும் அளவுக்கு அது நம் பேச்சில் கலந்துவிட்டது. சில கட்டங்களில் முடிவதற்குக் குறுவரைகதை என்பது என் பரிந்துரை, நீண்டு போனால் வரைகதைத் தொடர்.

உள்ளே வருபவற்றுக்கும் நல்ல தமிழ் இருக்கிறது: கட்டம், பேச்சுக் குமிழி, கட்டங்களுக்கு நடுவே இடைவெளி. இந்த இடைவெளியில்தான் பாதிக் கதை நடக்கிறது. பேகனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் மயில் தோகை விரித்து நிற்கிறது. இரண்டாவதில் பேகனின் முகம் மட்டும். மூன்றாவதில் மயில்மேல் போர்வை, பேகன் தோளில் ஒன்றும் இல்லை. அவன் போர்வையைக் கழற்றுவதை வரையவே வேண்டாம், படிப்பவர் மனம் அதை நடத்திக்கொள்ளும். குமிழியும் தேவைப்படாது. மூடுபனிக்கு மையே வேண்டாம். மரத்தின் கோட்டைப் பாதியில் நிறுத்தி மிச்சத் தாளை வெள்ளையாக விட்டால் அதுவே பனி.

ஒலிகளுக்கு டமால், தொபுக்கடீர் என்று எத்தனையோ நம்மிடம் இருக்கின்றன. இரட்டைக்கிளவி இன்னும் நல்லது: அருவிக்குச் சலசல, மயிலின் இறகுக்குப் படபட.

கையால் செய்யும் சின்னப் புத்தகத்துக்குக் கைப்பிரதி என்ற பழைய சொல்லே போதும். ஏ4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். அகலப் பக்கங்கள் ஒன்றோடொன்று சேர இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புவரை மட்டும் வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். வரைவது தாளின் ஒரு பக்கத்தில்தான் என்பதால் ஒரு பக்க ஜெராக்ஸ் போதும். மலையில் மழைக்காலத்தில் தாளில் ஈரம் ஏறி ஜெல் பேனா மை கசியும், அந்த மாதங்களில் பால்பாயிண்ட் பேனாவே நல்லது. மேலட்டையில் காமிக்ஸ் என்று எழுதும் இடத்தில் வரைகதை என்றும், அதன் கீழே வரைந்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதுங்கள்.